ஒட்டுப் போர்வைக்கும் உண்டு ஒரு கணக்கு!

மார்கழி பிறந்துவிட்டால் பெங்களூரில் விடியற்காலைக் குளிர் எலும்பைத் தொடும். தகரக் கூரையும் சிமெண்டு அட்டைக் கூரையும் போட்ட ஒற்றை அறை வீடுகளில் அந்தக் குளிர் இன்னும் ஒரு பங்கு கூடுதல். ஒரே போர்வையை இரண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். முதல் ஷிப்டுக்குப் புறப்படும் அப்பா தன் பங்கையும் அவர்கள் மேல் போட்டுவிட்டுப் போவார்.

அதே வீட்டின் பரண்மேல் பெரும்பாலும் ஒரு மூட்டை இருக்கும். தையல் வேலையில் மிஞ்சிய வெட்டுத் துணிகள், கரை மட்டும் நன்றாக இருக்கும் வேட்டி, முழங்காலில் கிழிந்த காக்கிக் கால்சட்டை, சிறிதாகிப்போன பள்ளிச் சீருடை எல்லாம் அதில் கிடக்கும். எறியவும் மனம் வராது. என்ன செய்வது என்றும் தெரியாது.

அந்த மூட்டைக்குள் ஒரு நல்ல போர்வை இருக்கிறது. அதை வெளியே எடுக்க ஊசியும் நூலும் மட்டும் போதாது. கொஞ்சம் கணக்கும் வேண்டும். கணக்குத் தப்பினால் நேரமும் போகும், துணியும் போகும், போர்வை மேடும் பள்ளமுமாகப் படுத்துக்கொள்ளும்.

துண்டுத் துணியைச் சேர்த்துப் போர்வை தைப்பது பல நாடுகளில் உள்ள கலை. அவற்றில் அமெரிக்காவின் "லாக் கேபின்" என்ற வகை மிகவும் பெயர் பெற்றது. குறுகலான துண்டுகளைக்கூட வீணாக்காத வகை அது. அதைத் தைக்கும் முறையையும், அதில் வளைவு விழும்படி செய்யும் ஒரு மாற்று முறையையும் பார்ப்போம்.

கட்டை வீடு

லாக் கேபின் என்றால் மரக்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய குடிசை. அமெரிக்காவில் காடு திருத்திக் குடியேறியவர்கள் அப்படிப்பட்ட வீடுகளில் வாழ்ந்தார்கள். ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் 1809ஆம் ஆண்டில் பிறந்ததும் கெண்டக்கி மாநிலத்தில் இருந்த அப்படி ஒரு குடிசையில்தான்.

1860களில், லிங்கன் ஜனாதிபதியான காலத்தை ஒட்டி, இந்தப் போர்வை வகை அந்த நாட்டில் வேகமாகப் பரவியது. நடுவில் ஒரு சிறு சதுரம். அதைச் சுற்றிச் சுவர் எழுப்புவதுபோல நான்கு பக்கமும் துணிப் பட்டைகள். நடுச் சதுரத்தைப் பலர் சிவப்புத் துணியில் வைப்பார்கள். அது வீட்டின் அடுப்பு என்பது அவர்கள் சொல்லும் விளக்கம்.

ஆனால் இந்த அடுக்குமுறை அமெரிக்காவுக்கு மட்டும் சொந்தம் அல்ல. பழைய எகிப்தில் பதப்படுத்தி அடக்கம் செய்த பூனைகளின் உடலில் சுற்றிய துணிப் பட்டைகளிலும் இதே போன்ற அடுக்கைக் காணலாம். இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவில் உள்ள மேன் தீவில் இதற்குக் "கூரை" என்று பெயர். அந்தத் தீவின் பெண்கள் அளவுகோல் இல்லாமல், கையையும் பெருவிரலையும் வைத்தே பட்டைகளை அளந்து கிழித்தார்கள்.

இந்தப் போர்வையைப் பற்றி ஒரு கதையும் உலவுகிறது. தப்பி ஓடும் அடிமைகளுக்கு அடையாளம் காட்ட, நடுவில் கறுப்புச் சதுரம் வைத்த போர்வையை வேலியில் தொங்கவிட்டார்கள் என்பார்கள். 1999ஆம் ஆண்டில் வந்த ஒரு புத்தகம் இந்தக் கதையை உலகம் முழுவதும் பரப்பியது. கதை உருக்கமானதுதான். ஆனால் அதற்குச் சான்று இல்லை என்பது வரலாற்று ஆசிரியர்களின் முடிவு.

அடுக்கும் முறை

முதலில் துணிகளை இரண்டு குவியலாகப் பிரிக்க வேண்டும். வெள்ளை, சந்தனம், இளமஞ்சள், இளநீலம் போன்றவை வெளிர் நிறக் குவியல். காக்கி, கருநீலம், அரக்கு, கரும்பச்சை போன்றவை அடர் நிறக் குவியல். இரண்டிலும் சேராத நிறம் வந்தால் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள். இருட்டாகத் தெரிந்தால் அது அடர் நிறம்.

பருத்தியோடு பருத்தியைத்தான் சேர்க்க வேண்டும். டெரிகாட்டன், பாலியஸ்டர் துணிகளைப் பருத்தியோடு கலந்தால், துவைத்தபின் ஒன்று சுருங்கும், மற்றொன்று சுருங்காது. சந்தேகம் இருந்தால் ஒரு நூலைப் பிரித்துத் தீக்குச்சியில் காட்டலாம். பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். எல்லாத் துணியையும் வெட்டுவதற்கு முன்பே ஒரு முறை துவைத்துவிடுவது நல்லது.

பட்டைகளை நெடுக்கு இழை ஓட்டத்தில் வெட்ட வேண்டும். மூலைவாட்டத்தில் வெட்டிய பட்டை தைக்கும்போதே நீண்டுவிடும். பனியன் துணியும் அப்படித்தான். அதைத் தவிர்க்கலாம்.

இனி தையல். நடுச் சதுரத்தின் வலது பக்கத்தில் ஒரு வெளிர் பட்டையை, நல்ல பக்கமும் நல்ல பக்கமும் ஒட்டும்படி வைத்து, ஓரத்திலிருந்து கால் அங்குலம் விட்டுத் தைக்க வேண்டும். பட்டையை வெளிப்புறமாகத் திருப்பி இஸ்திரி போட வேண்டும். பிறகு கீழ்ப் பக்கத்தில் இன்னொரு வெளிர் பட்டை. அடுத்து இடப் பக்கத்தில் அடர் பட்டை. கடைசியாக மேல் பக்கத்தில் அடர் பட்டை. இத்துடன் ஒரு சுற்று முடிந்தது. இதே வரிசையில் அடுத்த சுற்று.

எல்லாச் சுற்றும் முடிந்தால் ஒரு கட்டம் ஆகும். மூலைக்கு மூலை கோடு போட்டதுபோல அதில் ஒரு பாதி வெளிச்சமாகவும் மறு பாதி நிழலாகவும் இருக்கும்.

அளவுக் கணக்கு

எந்த அளவில் தொடங்கினால் எந்த அளவில் முடியும்? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள்.

விதி எளியது. தைத்து முடிந்தபின் வெளியே தெரியும் அளவை முதலில் தீர்மானிக்க வேண்டும். நடுச் சதுரத்தின் அளவோடு, ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு பட்டைகளின் அகலத்தைக் கூட்ட வேண்டும். அதுதான் கட்டத்தின் அளவு.

நடுச் சதுரம் 3 அங்குலம், பட்டை 1½ அங்குலம், சுற்று மூன்று என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 3 அங்குலம் கூடும். மூன்று சுற்றுக்கு 9 அங்குலம். நடுச் சதுரத்தோடு சேர்த்து 12 அங்குலம். சரியாக ஓர் அடிக் கட்டம்.

வெட்டும்போது எல்லா அளவிலும் அரை அங்குலம் சேர்க்க வேண்டும். ஒரு பக்கத் தையலுக்குக் கால், மறு பக்கத் தையலுக்குக் கால். ஆக, நடுச் சதுரத்தை 3½ அங்குலத்தில் வெட்ட வேண்டும். பட்டையின் அகலம் 2 அங்குலம்.

பட்டைகளின் நீளம் என்ன? வெட்டும் அளவாகவே தருகிறோம்.

முதல் சுற்று: வெளிர் 3½, 5, அடர் 5, 6½.

இரண்டாம் சுற்று: வெளிர் 6½, 8, அடர் 8, 9½.

மூன்றாம் சுற்று: வெளிர் 9½, 11, அடர் 11, 12½.

எல்லாம் அங்குலக் கணக்கு. இந்த வரிசையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எந்தப் பக்கத்தில் பட்டையை ஒட்டப் போகிறோமோ, அந்தப் பக்கத்தின் நீளமே பட்டையின் நீளம். அவ்வளவுதான்.

ஒரு கட்டத்துக்கு வெளிர் பட்டை 43½ அங்குலம் வேண்டும். அடர் பட்டை 52½ அங்குலம். மொத்தம் 96 அங்குலம். அடர் நிறம் எப்போதும் வெளிச் சுவராக வருவதால் அதற்கு நீளம் கூடுதல். இது தெரியாமல் இரண்டு நிறத்தையும் சமமாக வெட்டிவிட்டால், கடைசிக் கட்டங்களில் அடர் துணி பற்றாமல் போகும்.

துணி எவ்வளவு?

அகலத்தில் நான்கு, நீளத்தில் ஆறு, ஆக 24 கட்டங்கள். இது 4 அடிக்கு 6 அடி. பள்ளிப் பிள்ளை ஒருவன் தலை முதல் கால் வரை போர்த்திக்கொள்ளலாம்.

36 அங்குல அகலத் துணியிலிருந்து 2 அங்குலப் பட்டைகளாக வெட்டினால், 24 கட்டத்துக்கு வெளிர் 29 பட்டை, அடர் 35 பட்டை. துண்டு வீணாகாமல் போனால் நடுச் சதுரங்களையும் சேர்த்து 4 கஜத்துக்குச் சற்றுக் குறைவாகத் துணி பிடிக்கும்.

ஆனால் போர்வையின் மேல் பரப்பு என்னவோ 2⅔ கஜத் துணி அளவுதான். மீதி எங்கே போயிற்று? ஒரு கஜத்துக்கு மேல் தையலுக்குள் மறைந்துவிட்டது!

அதனால்தான் புதுத் துணியைக் கஜக் கணக்கில் வாங்கி இதைத் தைப்பது லாபம் ஆகாது. கடைக்குப் போய் ஒரு கம்பளியே வாங்கிவிடலாம். மிஞ்சிய துணிக்காகவே பிறந்த முறை இது. 2 அங்குல அகலமும் 3½ அங்குல நீளமும் உள்ள துண்டுக்கும் இதில் ஓர் இடம் இருக்கிறது. வேறு எந்தத் தையலில் அந்தத் துண்டுக்கு இடம் கிடைக்கும்?

வீசம் செய்யும் விஷமம்

கால் அங்குலம் விட்டுத் தைக்க வேண்டிய இடத்தில், ஒருவர் வீசம் அங்குலம், அதாவது பதினாறில் ஒரு பங்கு, கூடுதலாக விட்டுத் தைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்கே தெரியாத வித்தியாசம். ஆனால் ஒரு தையலில் இரண்டு துணி சேர்வதால், ஒவ்வொரு தையலுக்கும் அரைக்கால் அங்குலம் குறையும். கட்டத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை ஆறு தையல் குறுக்கிடும். ஆக முக்கால் அங்குலம் காணாமல் போகும்!

ஒருவரே எல்லாக் கட்டத்தையும் ஒரே மாதிரி தைத்தால் போர்வை சற்றுச் சிறிதாகும். வேறு கெடுதல் இல்லை. அம்மா பத்துக் கட்டம், மகள் பத்துக் கட்டம், பக்கத்து வீட்டு அக்கா நான்கு கட்டம் என்று பகிர்ந்து தைக்கும்போதுதான் தொல்லை. ஒருவர் கட்டம் 12 அங்குலம், மற்றவர் கட்டம் 11¼ அங்குலம் என்றால் இரண்டையும் எப்படி இணைப்பது? இழுத்துத் தைத்தால் சுருக்கம் விழும். பிரித்துத் தைத்தால் ஒரு வார உழைப்பு போச்சு.

இதற்கு இரண்டு காப்பு உண்டு.

ஒன்று, மிஷினில் ஊசி இறங்கும் இடத்திலிருந்து சரியாகக் கால் அங்குலம் அளந்து, தகட்டின்மேல் ஓர் ஒட்டுத்தாளை ஒட்டிவிட வேண்டும். துணியின் ஓரம் அதை உரசிக்கொண்டே போகட்டும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் அளவு பார்க்க வேண்டும். முதல் சுற்றின் முடிவில் தையல் விடுப்போடு 6½, அடுத்து 9½, கடைசியில் 12½ அங்குலம் இருக்க வேண்டும்.

இரண்டாவது, அடித்துணி வைத்துத் தைப்பது. பழைய வேட்டியிலிருந்து 13 அங்குலச் சதுரங்கள் வெட்ட வேண்டும். மூலைக்கு மூலை இரண்டு கோடு போட வேண்டும். கோடுகள் வெட்டும் இடத்தில் நடுச் சதுரத்தை வைத்து, பட்டைகளை அடித்துணியோடு சேர்த்தே தைத்துக்கொண்டு போகலாம். பட்டைகளின் மூலைகள் அந்தக் கோட்டை விட்டு விலகுகின்றனவா என்று ஒவ்வொரு பட்டைக்கும் கண்ணாலேயே பார்த்துவிடலாம். கையால் தைப்பவர்களுக்கு இதுவே நல்ல வழி. நைந்த இடத்தை விட்டுவிட்டால்கூட, இரண்டு நாலு முழ வேட்டியில் 24 சதுரம் தேறும். அடித்துணி சேர்வதால் கதகதப்பும் கூடும்.

நேர்க்கோட்டில் ஒரு வளைவு

இனி மாற்று முறை. இதில் எல்லாத் தையலும் நேர்த்தையல்தான். ஆனால் முடிந்த போர்வையில் வட்டம் தெரியும்!

ரகசியம் பட்டையின் அகலத்தில் இருக்கிறது. வெளிர் பட்டையையும் அடர் பட்டையையும் ஒரே அகலத்தில் வெட்டாமல், ஒன்றை ஒடுக்கமாகவும் மற்றொன்றை அகலமாகவும் வெட்ட வேண்டும். வெளிர் பட்டை முக்கால் அங்குலம், அடர் பட்டை 1½ அங்குலம் என்று கொள்வோம். இப்போது ஒரு சுற்றுக்குக் கூடுவது 2¼ அங்குலம்.

மூன்று சுற்று போட்டால் 9¾ அங்குலம்தான் வரும். அது எந்தக் கணக்கிலும் அடங்காத அளவு. நான்கு சுற்று போட்டால் 9 அங்குலம் கூடும். நடுச் சதுரம் 3. மொத்தம் மறுபடியும் 12! பழைய கட்டங்களோடு கலந்துகூட இணைக்கலாம்.

வெட்டும் அகலம்: வெளிர் 1¼ அங்குலம், அடர் 2 அங்குலம். வெட்டும் நீளம்:

முதல் சுற்று: வெளிர் 3½, 4¼; அடர் 4¼, 5¾.

இரண்டாம் சுற்று: வெளிர் 5¾, 6½, அடர் 6½, 8.

மூன்றாம் சுற்று: வெளிர் 8, 8¾, அடர் 8¾, 10¼.

நான்காம் சுற்று: வெளிர் 10¼, 11, அடர் 11, 12½.

இந்தக் கட்டத்தில் நடுச் சதுரம் நடுவில் இருக்காது. வெளிர் பக்கமாக ஒதுங்கி உட்காரும். வெளிர் ஓரத்திலிருந்து 3 அங்குலம், அடர் ஓரத்திலிருந்து 6 அங்குலம். ஆகவே அடித்துணியில் மூலைக்கு மூலை கோடு போட்டால் பயன் இல்லை. 13 அங்குல அடித்துணியின் வலது ஓரத்திலிருந்தும் கீழ் ஓரத்திலிருந்தும் 3¼ அங்குலம் தள்ளி, வெட்டிய நடுச் சதுரத்தை வைக்க வேண்டும். அப்போது இடப் பக்கமும் மேல் பக்கமும் 6¼ அங்குலம் மீதி இருக்கும். இதை அளந்து பார்த்துவிட்டே முதல் தையலைப் போட வேண்டும்.

வளைவு எப்படி வருகிறது? சம அகலப் பட்டையில் வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் இடம் படிப்படியாக நேரே மூலைக்குப் போகும். இங்கே ஒரு பக்கப் படி உயரம், மறு பக்கப் படி தாழ்வு. ஆகவே அந்தக் கோடு ஒரு மூலையிலிருந்து செங்குத்தாக இறங்கி, நடுச் சதுரத்தைச் சுற்றி வளைந்து, மறு மூலைக்குச் சாய்வாகப் போகிறது. அடர் மூலைகள் நடுவில் சேரும்படி நான்கு கட்டங்களை இணைத்தால், அடர் நிறம் உருண்டு திரண்டு வட்டம்போலத் தெரியும். உண்மையில் அங்கே வளைந்த தையல் ஒன்றுகூட இல்லை. கண்தான் வளைக்கிறது.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. 144 சதுர அங்குலக் கட்டத்தில் வெளிர் துணி தெரிவது 40½ சதுர அங்குலம் மட்டும். அடர் துணி 94½. சீருடையும் காக்கியும் நிறைய இருந்து, வெள்ளைத் துணி குறைவாக இருக்கும் வீட்டுக்கு இந்த முறை பொருந்தும். வெள்ளை நிறைய இருந்தால் நிறத்தை மாற்றிக்கொள்ளலாம். மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒரே எச்சரிக்கை: இந்தக் கட்டத்தில் குறுக்கே எட்டுத் தையல். வீசம் தப்பினால் ஓர் அங்குலம் போய்விடும். அதனால் சம அகலக் கட்டம் இரண்டு மூன்று தைத்துக் கை பழகியபின் இதைத் தொடுவது நல்லது.

வெயிலும் நிழலும்

24 கட்டமும் தயாரானபின் தரையில் பரப்பிப் பார்க்க வேண்டும். தைக்க அவசரப்படக் கூடாது. ஒரே கட்டங்களைத் திருப்பித் திருப்பி வைப்பதிலேயே பல போர்வைகள் பிறக்கின்றன.

அடர் பாதிகள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்படி வைத்தால் ஒரு தோற்றம். வெளிர் நான்கு ஒரு மூலையிலும், அடர் நான்கு அடுத்த மூலையிலுமாகச் சேர்த்தால் அதற்கு "வெயிலும் நிழலும்" என்று பெயர். சாய்வான நீண்ட கோடுகளாக ஓடவிட்டால் "உழவு சால்". ஒன்றுக்குள் ஒன்றாக வைரக் கட்டங்கள் விரியும்படி வைத்தால் "களஞ்சியம் எழுப்புதல்". அந்த நாட்டில் ஒரு குடியானவனின் களஞ்சியத்துக்கு ஊரே கூடிச் சுவர் நிறுத்தும். அந்த வழக்கத்திலிருந்து வந்த பெயர் அது.

பட்டைகளைச் சுற்றிவராமல், எதிரெதிர்ப் பக்கமாக இரண்டிரண்டாகத் தைப்பதும் உண்டு. அதற்கு "நீதிமன்றப் படிகள்" என்று பெயர். இதில் நீளங்கள் ஜோடியாக வருவதால் வெட்டுவது சுலபம்.

ஆற்று வளைவில் ஓர் ஊர்

இந்த ஒட்டுத் துணிக் கலை ஓர் ஏழை ஊரை உலகம் அறியச் செய்தது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஓர் ஊர். மூன்று பக்கமும் ஆறு. பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்களின் சந்ததியார் வாழும் ஊர். அந்தப் பெண்கள் நடுத் துண்டைச் சுற்றிப் பட்டை பட்டையாகச் சேர்க்கும் முறைக்குக் "கூரை உச்சி" என்று பெயர். லாக் கேபினுக்கு அது நெருங்கிய உறவு.

கடையில் துணி வாங்க அவர்களிடம் பணம் இல்லை. வயலில் உழைத்துக் கிழிந்த நீலக் கால்சட்டைகளையும் மாவுப் பைகளையும் வெட்டித் தைத்தார்கள். மிசூரி பெட்வே என்ற பெண் 1942ஆம் ஆண்டில், இறந்துபோன கணவரின் வேலைத் துணிகளைக் கொண்டே ஒரு போர்வை தைத்தார். அவர் நினைவோடு அந்தப் போர்வைக்குள் படுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் எண்ணம்.

1960களில் அந்த ஊர் மக்கள் ஓட்டுரிமை கேட்டார்கள். ஓட்டுக்குப் பெயர் பதிய ஆற்றைக் கடந்து மாவட்டத் தலைநகருக்குப் போக வேண்டும். 1962இல் படகுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. படகில் சிறிது நேரத்தில் போகக்கூடிய ஊருக்குச் சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. 1965இல் மார்ட்டின் லூதர் கிங் அந்த ஊருக்கு வந்து பேசினார். மறுபடி படகு ஓடியது 2006ஆம் ஆண்டில்தான்!

அந்தப் போராட்ட நாட்களில், 1966இல், அந்த வட்டாரப் பெண்கள் "விடுதலைப் போர்வைக் கூட்டுறவு" ஒன்றைத் தொடங்கினார்கள். தைத்த போர்வைகள் நியூயார்க்கில் ஏலம் போயின. பெரிய கடைகளிலிருந்து ஆர்டர் வந்தது. வீட்டுக்குள் குளிருக்காகத் தைத்தது கூலி தரும் தொழிலாயிற்று.

2002ஆம் ஆண்டில் ஹூஸ்டன் நகரக் கலைக்கூடத்தில் அவர்களின் போர்வைகள் ஓவியங்களைப்போலச் சுவரில் தொங்கின. பிறகு நியூயார்க்கிலும் காட்சிக்கு வைத்தார்கள். 2006இல் அமெரிக்க அரசு அந்தப் போர்வைகளின் படத்தோடு தபால்தலை வெளியிட்டது.

நம் பக்கத்திலேயே...

அவ்வளவு தூரம் போவானேன்? கர்நாடகத்திலேயே இதற்கு ஒரு சகோதரி உண்டு.

உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு பகுதிகளில் சித்தி என்ற மக்கள் வாழ்கிறார்கள். இவர்களின் முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து போர்த்துக்கீசியர் முதலானவர்களால் கொண்டுவரப்பட்டவர்கள். சித்திப் பெண்கள் தைக்கும் ஒட்டுப் போர்வைக்குக் "கவந்தி" என்று பெயர். வட கர்நாடகத்தில் "கௌதி" என்பதும் மகாராஷ்டிரத்தில் "கோதடி" என்பதும் இதே குடும்பம்தான்.

கவந்தி தைக்கும் முறை லாக் கேபினுக்கு நேர் எதிர். பழைய புடவையை விரித்து, ஓரத்திலிருந்து தொடங்குவார்கள். துண்டுத் துணிகளை மடித்து வைத்து, நூலோட்டம் போட்டபடியே சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வருவார்கள். நடுவில் வந்து முடிந்தால் போர்வை முடிந்தது. மூலைகளில் மடித்துத் தைக்கும் சிறு துணிக்குப் "பூலா", அதாவது பூ என்று பெயர். பூ வைக்காத கவந்தி முழுமை பெறாது.

இதில் ஓர் உண்மை இருக்கிறது. வெளியிலிருந்து உள்ளே வரும் கவந்திக்குக் கணக்கு வேண்டாம். அளவு முதல் நாளே தீர்மானமாகிவிட்டது. துண்டு எந்த அளவில் இருந்தாலும் ஓர் இடத்தில் பொருந்தும். உள்ளிருந்து வெளியே வளரும் லாக் கேபினுக்கு அளவு கடைசியில்தான் தெரியும். ஆகவே அதற்குக் கணக்கு வேண்டும். அளவெடுக்கப் பொறுமை இல்லாதவர்கள் கவந்தி முறையைப் பின்பற்றலாம். குளிர் இரண்டிலும் ஒன்றுபோலவே நிற்கும்.

முடிக்கும் வழி

கட்டங்களை முதலில் நான்கு நான்காகச் சேர்த்து ஆறு வரிசை ஆக்க வேண்டும். பிறகு வரிசைகளை இணைக்க வேண்டும்.

அடிப்பக்கத்துக்குப் பழைய நூல் புடவை போதும். ஆனால் புடவையின் அகலம் 4 அடிக்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும். ஓரத்தில் ஒரு பட்டை சேர்த்துக்கொள்ள வேண்டும். நடுவில் இன்னொரு மடிப்புப் புடவையையோ தேய்ந்த கம்பளியையோ வைக்கலாம்.

மூன்று அடுக்கையும் நெருக்கமாகத் தைக்க முயல வேண்டாம். இந்தப் போர்வையில் தையல் மடிப்புகள் அதிகம், ஊசி இறங்காது. அமெரிக்காவிலும் இந்த வகையைப் பெரும்பாலும் முடிச்சுப் போட்டே கட்டினார்கள். ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் நான்கு மூலையிலும் தடித்த நூலால் குத்தி எடுத்து இறுக்கி முடிச்சுப் போட்டால் போதும். கடைசியில் சுற்றிலும் இரண்டரை அங்குலப் பட்டையை மடித்து ஓரம் அடித்துவிட வேண்டும்.

24 கட்டம் என்றதும் மலைக்க வேண்டாம். ஒரு கட்டத்துக்குப் பன்னிரண்டு தையல். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கட்டம் என்று வைத்தாலும், ஆடி மாதத்தில் தொடங்கினால் தை பிறப்பதற்குள் முடிந்துவிடும். முதலில் ஒரே ஒரு கட்டம் தைத்து, அளவுகோலை வைத்துப் பாருங்கள். 12½ அங்குலம் இருந்தால் மீதி 23ஐயும் தைரியமாகத் தொடங்கலாம். இல்லாவிட்டால், தப்பு எந்தச் சுற்றில் வந்தது என்று அந்த ஒரு கட்டத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். ஒரு கட்டத்தைப் பிரிப்பது அரை மணி வேலை. ஒரு போர்வையைப் பிரிக்க யாருக்கும் மனம் வராது.